அப்பாவுக்குப் பதில்

அத்தியாயம் 11

கணவருடைய சட்டைப் பையில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் எழுதிய, சட்டையில் குத்துகிற பட்டை கிடந்தால் மனைவி என்ன செய்வாள்? நம் டீச்சர் அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டால் அவர் ஒரு காரணம் சொல்வார். அதை நம்பவும் முடியாமல் நம்பாமலும் இருக்க முடியாமல் தவிப்பதைவிட, கேட்காமலேயே தவித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள்.

அவர் பொய் சொல்கிற ஆளும் இல்லை. பதினோரு வருடமாக வரைபட அலுவலகத்தில் கோடு போடுகிற வேலை. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால், மாலை ஐந்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். மாடி அறையில் இருக்கும் அவருடைய தங்கை, அண்ணனுக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர் வைத்திருந்தாள். அப்படி நூல் பிடித்தாற்போல் இருந்த மனிதரின் சட்டை, கொஞ்ச நாளாக ஒரு நாள் கோந்துக் கறையோடும், ஒரு நாள் தூசியோடும், ஒரு நாள் கஞ்சி வாசனையோடும் வீட்டுக்கு வந்தது. வரைபட அலுவலகத்தில் கஞ்சிக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியோடுதான் அன்று காலை டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தாள். பதினான்கு பிள்ளைகள். எல்லாருக்கும் நாலு வயது, நாலரை வயது. அந்த வாரப் பாடம், ‘நம்மைச் சுற்றி வேலை செய்பவர்கள்’.

சுவரில் பெரிய அட்டை. அதில் வரிசையாகத் தபால்காரர், டாக்டர், போலீஸ், தையல்காரர், தீயணைப்பு வீரர், பஸ் டிரைவர். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு தொப்பியோ கருவியோ. அட்டையின் கடைசிக் கட்டத்தில் ‘வரைபடம் வரைபவர்’ என்று எழுதி, தன் கணவருடைய புகைப்படத்தையே ஒட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் நேரில் வந்து பிள்ளைகளுக்குக் கோடு போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவர் மழுப்பிக்கொண்டிருந்தது வேறு கதை.

"டாக்டர் என்ன பண்ணுவார்?" டீச்சர் ஆரம்பித்தாள்.

"சட்டையத் தூக்கச் சொல்வார்."

"போலீஸ்?"

"சாப்பிடலன்னா வருவார்."

"சரி, டீச்சர் என்ன வேலை பண்றாங்க?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பல் உடைந்த பயல் ஒருவன், எல்லாரும் ‘ஓட்டை’ என்று கூப்பிடுகிறவன், யோசித்துச் சொன்னான். "நீங்க வேலைக்கே போறதில்லையே டீச்சர். எப்பப் பார்த்தாலும் இங்கதான இருக்கீங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

"இவர் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" குச்சியைக் கடைசிக் கட்டத்தில் வைத்தாள்.

"தபால் மாமா," என்றான் ஓட்டை.

"தபால் மாமா மேல இருக்காரே. இவர் வேற."

"இல்ல டீச்சர். இவரும் தபால் மாமாதான். எங்க வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தார். எங்க நாய் குரைச்சதும் பார்சலக் கீழ போட்டுட்டார்."

இந்த வயதில் மீசை வைத்தவர் எல்லாரும் ஒரே மாமா. டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் ரிப்பன் கட்டிய குட்டி எழுந்து நின்றாள். "அவர் எங்க பில்டிங் வாட்ச்மேன். என் சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக் குடுத்தார்."

"லைப்ரரில புக்கு அடுக்குவார்," என்றது பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்.

டீச்சர் குச்சியைக் கீழே வைத்தாள். பிள்ளைகள் கதை விடுகிறார்களா என்று சோதிக்க, மேலே இருந்த தையல்காரர் படத்தைக் காட்டினாள். தெருமுனையில் உண்மையாகவே கடை வைத்திருப்பவருடைய படம். பதினான்கு பேரும் ஒரே குரலில் "டெய்லர்" என்றார்கள். கண்ணில் கோளாறு இல்லை. மறுபடி கணவர் படத்தைக் காட்டினாள். தபால்காரர், வாட்ச்மேன், லைப்ரரி. மூன்று பேரும் அவரவர் பிடியை விடுவதாக இல்லை.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு குட்டி அவள் சேலை நுனியை இழுத்தாள். வகுப்பில் சேர்ந்து நாலு மாதமாகியும் உரக்கப் பேசாத பெண். எதையும் காதில்தான் சொல்வாள். அதனால் அவளுக்குப் பெயர் ‘குசுகுசு’. டீச்சர் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"டீச்சர், அவர் பதில்."

"என்ன பதில்டா?"

"எங்கப்பாவுக்குப் பதில்."

டீச்சருக்குப் புரியவில்லை. புரியாததோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பாவுக்குப் பதில்னா?" என்று கேட்டுவிட்டாள்.

"எங்கப்பாவுக்குப் பதிலா இவர்தான். அம்மா சொன்னாங்க." குட்டி இன்னும் நெருங்கி வந்து சொன்னாள். "முன்னாடி அம்மா தினம் அழுவாங்க. இவர் வந்ததுக்கு அப்புறம் அழுறதே இல்ல."

டீச்சர் களிமண்ணை எடுத்துக் கொடுத்து, ஆளுக்கொரு தொப்பி செய்யச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தாள். அதை மேஜையில் வைத்துப் பக்கத்தைப் புரட்டினாள். குசுகுசுவின் பக்கம் வந்தது. ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

கைப்பைக்குள் இருந்த பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து அதே பெயர்.

 கணவர் சட்டைப் பையில் இருந்தது இந்தக் குழந்தையின் அப்பா பெயர். இந்தக் குழந்தை தன் அப்பாவுக்குப் பதில் என்று காட்டுவது அவள் கணவரை. அவருக்கு இன்னொரு பெயரா? அந்தப் பெயரில் இன்னொரு வீடா? அந்த வீட்டில் ஒருத்தி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? அப்படியானால் தபால்காரர் எதற்கு? இரண்டு வீடு வைத்திருப்பவன் வாட்ச்மேனாக நின்று, யாரோ ஒரு குட்டியின் சைக்கிளுக்கு ஏன் காற்றடிக்கிறான்? ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒட்டாததுதான் அவளைப் பைத்தியமாக்கியது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவருக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், ஆபீஸ்லதான்." பின்னால் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். "என்ன விஷயம்?"

"அது என்ன சத்தம்?"

"சத்தமா? அது... ஃபேன்."

வரைபட அலுவலகத்து மின்விசிறி பாம்பு மாதிரி சீறுமா என்று அவள் கேட்கவில்லை. வைத்துவிட்டு, அலுவலக எண்ணைத் தேடி அதற்கு அடித்தாள். கணவர் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"அவருக்குப் பதிலா நான் இருக்கேன் மேடம், சொல்லுங்க," என்றது ஓர் இளம் குரல்.

"நீங்களும் பதிலா?"

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. அவர் எப்ப வருவார்?"

அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது. "அவர் போய் அஞ்சு மாசம் ஆச்சே மேடம். நீங்க யார் பேசறது?"

டீச்சர் தான் யாரென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கே நம்பிக்கை வந்திருக்காது.

மதியத்துக்கு மேல் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப்போகும் நேரம். ஒரு நீளக் கயிற்றில் பதினான்கு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்னால் டீச்சர், கடைசியில் உதவிக்கு வரும் அக்கா. வேலை செய்கிறவர்களை அவர்கள் இடத்திலேயே பார்த்து, மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த கேள்விகள். உங்க வேலை என்ன? அதுக்கு என்ன சாமான் வேணும்? அது யாருக்கு உதவி?

வாசலில் நின்றிருந்த தலைமை ஆசிரியை, பிள்ளைகள் வாயில் ‘பெரிய மிஸ்’, என்றைக்கும் இல்லாத கரிசனத்தோடு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "நல்லா பண்றீங்க டீச்சர். பிள்ளைங்க உங்கள மறக்கவே மாட்டாங்க."

டீச்சர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை.

தபால் நிலையம் போகவேண்டிய கயிறு, சலவைக் கடைப் பக்கம் திரும்பியது. திருப்பியது டீச்சர்தான். குசுகுசுவைக் குனிந்து கேட்டிருந்தாள். "உங்கப்பாவுக்குப் பதிலா இருக்கறவர் இப்ப எங்க இருப்பார்?" குட்டி கைநீட்டிக் காட்டிய வழி அது. கூட்டிப்போவது சரியா என்று ஒரு கால் தயங்கியது. இன்னொரு கால் நடந்துகொண்டே இருந்தது.

கடைக்குள் ஈரச் சூடு. கூரையில் ஓடும் கம்பியில் சட்டைகள் தலையில்லாமல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. உள்ளே ஆளுயர இஸ்திரி இயந்திரத்தின் முன்னால், இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, அவளுடைய கணவர் ஒரு காற்சட்டையை மடித்து வைத்து மிதியை அழுத்தினார். ‘புஸ்ஸ்’ என்று ஆவி கிளம்பியது. ஆவி கலைந்தபோது எதிரில் பதினான்கு பிள்ளைகளும் ஒரு மனைவியும் நின்றிருந்தார்கள்.

"தபால் மாமா," என்றான் ஓட்டை, பெருமையாக. "நான் சொன்னேன்ல?"

"வாட்ச்மேன் மாமா," என்றாள் ரிப்பன்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிதியிலிருந்து காலை எடுக்க மறந்து, அந்தக் காற்சட்டை அநியாயத்துக்கு வெந்துகொண்டிருந்தது. கல்லாவில் இருந்த கடைக்காரம்மா, "வாங்க வாங்க, ஸ்கூல் பிள்ளைங்களா? எங்க ஆள்கிட்ட என்ன வேணாலும் கேளுங்க," என்றாள், விவரம் தெரியாமல்.

பிள்ளைகளுக்கு அது போதாதா? "உங்க வேலை என்ன?" என்று ஒரே குரலில் கேட்டார்கள்.

அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். டீச்சரும் கண்ணை எடுக்கவில்லை.

"பிள்ளைங்க கேக்கறாங்க இல்ல? சொல்லுங்க," என்றாள். குரல் வகுப்பறைக் குரலாகத்தான் வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

அவர் இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பதில் ஆள். யாருக்காவது உடம்பு சரியில்ல, வேலைக்கு வர முடியலன்னா, அவங்க வர்ற வரைக்கும் அந்த இடத்துல நான் நிப்பேன். போன மாசம் ஒரு தபால்காரருக்குக் காய்ச்சல். அதுக்கு முன்னாடி ஒரு வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்தார். இப்ப காலைல லைப்ரரி, மத்தியானம் இங்க. இவங்கப்பா கால் உடைஞ்சு வீட்ல படுத்திருக்கார். அவருக்குப் பதில்."

குசுகுசு, ‘நான் சொன்னேனே’ என்பதுபோல் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலில் டீச்சரின் நெஞ்சிலிருந்து ஒரு வீடு, ஒரு பெண், ஒரு கண்ணீர்த் துடைப்பு எல்லாம் ஒரே நொடியில் இடிந்து விழுந்தன. நிம்மதியாக இருந்தது. நிம்மதியோடு சேர்ந்து, அவர் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது. எது முதலில் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"அதுக்கு என்ன சாமான் வேணும்?" பிள்ளைகள் விடவில்லை.

"சாமான் எல்லாம் அவங்களோடதுதான். அவங்க தொப்பி, அவங்க பை. பேர்ப் பட்டையும் அவங்களோடதத்தான் குத்திக்குவேன். அப்பதான் இது யாரோட இடம்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்." சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இங்க உள்ளத எங்கயோ தொலைச்சுட்டேன். ரெண்டு நாளாத் தேடறேன்."

டீச்சர் கைப்பையைத் திறந்து பட்டையை எடுத்துக் கல்லா மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டு நாளாக அவள் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கு உதவி?" மூன்றாவது கேள்வி.

"இவங்கப்பாவுக்கு. அவர் கால் சரியாகி வரும்போது இந்த இடம் அவருக்காகக் காலியா இருக்கும். வேற ஆளப் போட மாட்டாங்க."

எல்லாவற்றுக்கும் ‘ஏன்’ கேட்கும் குட்டி ஒருத்தி வகுப்பில் உண்டு. ‘ஏன்’ என்றே பெயர். மூன்று கேள்வி முடிந்தும் அவள் கயிற்று முடிச்சை விடாமல் நின்றாள். "நீங்க ஏன் உங்க வேலைக்குப் போகல?"

"அங்க எனக்குப் பதிலா ஒருத்தர் இருக்கார்."

"நீங்க எப்ப சரியாகி அங்க போவீங்க?"

அவர் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தார். காற்சட்டையை எடுத்து உதறினார். ஒரு முழங்கால் இடத்தில் பளபளவென்று வெந்திருந்தது. கடைக்காரம்மா அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பிள்ளைங்களா, மாமாவுக்கு நன்றி சொல்லுங்க," என்றாள் டீச்சர்.

மாலை ஐந்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்து மாதமாக எந்தெந்தத் தெருவையோ சுற்றிவிட்டு அதே நேரத்துக்கு வந்து நின்ற செருப்பு. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் தினமும் வருவேன். நீ சுவத்துல ஒட்டற அட்டைக்குப் படம் வெட்டிட்டு இருப்பே. டாக்டர்னா ஒரு பேரு, ஒரு தொப்பி. எனக்கு என்னன்னு சொல்றது? ஒரு நல்ல வேலையா, பேரு இருக்கற வேலையாக் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன். அப்படியே நாள் ஓடிப்போச்சு."

"வேலை போனதுக்கு நான் கோபப்படுவேன்னா நினைச்சீங்க?"

"கோபப்பட்டாப் பரவாயில்ல. பாவம்னு பார்த்துடுவியோன்னு பயம்."

"நாலு வயசுப் பிள்ளைங்க எல்லாருக்கும் உங்க வேலை என்னன்னு தெரியுது. எனக்குத் தெரியல. அது எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நான் இன்னிக்கு என்னென்ன நினைச்சேன் தெரியுமா? சொல்லவே வாய் கூசுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் இல்லை. ஆனால் ஐந்து மாதத்துக்கு எத்தனை முறை கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"சின்னவளுக்கு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. நாத்தனார் ஏதோ ஓர் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை பார்க்கிறாள் என்றுதான் அவளுக்குத் தெரியும். கேட்கிற இடத்துக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் அது என்பதும், தினமும் காலையில் அண்ணனை எங்கே அனுப்புவது என்று எழுதிக்கொடுத்தவளே அவள்தான் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. ஆக, ஒரே வீட்டில் இருவர் சேர்ந்து அவள் கண்ணைக் கட்டி விளையாடியிருக்கிறார்கள்.

எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அவள் மாடிப்படியைப் பார்த்த நேரம் பார்த்து, நாத்தனார் வாசல் வழியாகவே வந்து சேர்ந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கையில் ஒரு காகிதம். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குட்டு வெளிய வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றாள் டீச்சர். "நீ வா, உன்னத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கேன்."

"அண்ணி, திட்டறத அப்புறம் மொத்தமாத் திட்டுங்க. இதப் பாருங்க முதல்ல. நேத்தே வந்துடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பையிலயே வச்சிருந்தேன்."

காகிதத்தில் வழக்கமான கட்டங்கள். இடம் என்ற கட்டத்தில் டீச்சருடைய பள்ளியின் பெயர். நாலு வயதுப் பிள்ளைகள் வகுப்பு. படம் வரையத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. நாளை காலையிலிருந்து. யாருக்குப் பதில் என்ற கட்டத்தில் டீச்சரின் பெயர்.

டீச்சர் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறையும் அதே பெயர்தான் இருந்தது.

"நான் லீவே போடலையே."

"அதான் எனக்கும் புரியல அண்ணி. பெரிய மிஸ்ஸே போன் பண்ணாங்க. எத்தன நாளைக்குன்னு கேட்டேன். அந்தக் கட்டத்தக் காலியா விடச் சொல்லிட்டாங்க."

பெரிய மிஸ் தோளைத் தட்டிக்கொடுத்தது டீச்சருக்கு இப்போது நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள் என்றாளே. அது பாராட்டு இல்லையா? என்ன தப்பு செய்தோம்? யார் என்ன சொன்னார்கள்? அவள் ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"யாரை அனுப்பறதா எழுதியிருக்கே?" என்று கேட்டார் கணவர்.

நாத்தனார் அவரையே பார்த்தாள். படம் வரையத் தெரிந்த ஆள் அவளிடம் ஒருவர்தான் உண்டு.

"என் பேரை அடிச்சுடு," என்றார் அவர். "நான் போக மாட்டேன். இவ இடத்துல போய் நிக்கற அளவுக்கு நான் இன்னும் கீழ இறங்கல."

 டீச்சர் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க உங்க நாற்காலில வேற ஆள் உக்காந்திருக்கறதப் பார்த்தப்ப உங்களுக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான் இருந்துச்சு."

"அத வச்சுக்கிட்டு அஞ்சு மாசம் தனியாச் சுத்தியிருக்கீங்க."

 அவள் கையை நீட்டி, அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்துப் போட்டாள். கோபம் தீர்ந்துவிடவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"பேரை அடிக்காத," என்றாள் நாத்தனாரிடம். "வேற யாரையாவது அனுப்பினா அது அவங்க இடமா ஆயிடும். இவரே போகட்டும்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "எட்டு மணிக்குத்தான கிளம்புவீங்க? நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே கிளம்பறோம். வகுப்புக்குள்ள யார் போகணும், வாசல்ல யார் நிக்கணும்னு பெரிய மிஸ் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டும்."